பிணைச்சல் இல்லாத காற்றாடி

பஹ்ரைனில் பத்து வருடம் வேலை செய்தேன். ஹோட்டல் சலவைக்கூடம், களஞ்சியம், விருந்து மண்டபம் என்று பல இடங்கள். ஊரில் யாராவது "அங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டால் நான் முதலில் சொல்வது மூன்றே நாள் பார்த்த ஒரு வேலையைத்தான். 2016 ஜனவரியில், ஸகீர் விமானப்படைத் தளத்தில், கயிறு காத்த வேலை.

பஹ்ரைன் சர்வதேச விமானக் கண்காட்சி 2010 இல் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். படை அதிகாரிகளுக்கும் கம்பனிக்காரருக்கும் ஒரு பக்கம், குடும்பத்தோடு வருபவர்களுக்கு இன்னொரு பக்கம். பல நாட்டு விமானங்கள் தரையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பம் வைத்துக் கயிறு கட்டியிருக்கும். சனத்தை இருபது இருபது பேராக உள்ளே விடவேண்டும், பார்த்து முடித்தவர்களை மறுபக்கத்தால் அனுப்பவேண்டும், பிள்ளைகள் சில்லில் ஏறாமலும் சிவப்பு நாடாக்களை இழுக்காமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். பறக்க முன் கழற்றவேண்டிய மூடிகளிலும் ஊசிகளிலும் அந்தச் சிவப்பு நாடா தொங்கும். பிள்ளைகளின் கை முதலில் போவது அதற்குத்தான்.

எங்களை எடுத்த கொன்ட்ராக்ட் கம்பனியின் மேற்பார்வையாளர் முதல் நாள் விடியற்புறம் பஸ்ஸுக்குள் வைத்தே இரண்டு விஷயம் சொன்னார். விமானிகளோடு கதைக்கக் கூடாது என்பது ஒன்று. கயிறு ஏன் என்பது மற்றது. 1988 இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் ஆகாயத்தில் மோதி, ஒன்று சனத்துக்குள் வந்து விழுந்தது. 70 பேர் செத்தார்கள். 2002 இல் உக்ரைனின் ஸ்க்னிலிவில் ஒரு போர் விமானம் பார்வையாளர் நடுவே விழுந்து 77 பேர். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பறக்கும் விமானத்துக்கும் நிற்கும் சனத்துக்கும் இடையிலான தூரம் கண்டிப்பானது. "கயித்தை இளக்கமா நினைக்காதீங்க" என்று அவர் மூன்று மொழியில் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்குப் பிறகு கோபம் வந்தது. ஆனால் அந்தக் காலைப் பேச்சு மிகச் சரியான பேச்சு.

எனக்கு ஆகாயத்தில் வருவதைப் பற்றி வேறொரு பாடம் முன்னமே இருந்தது. எங்கள் வளவு மட்டக்களப்பில் வலையிறவுப் பக்கம், விமான ஓடுபாதையின் சத்தம் கேட்கும் தூரத்தில். 1958 இல் பயணிகளுக்கென்று திறந்த அந்த எயார்போட்டை 1983 இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. நான் 1980 இல் பிறந்தவன். சனம் விமானம் ஏறிப் போய்வந்த காலத்தை நான் காணவில்லை. குண்டு போடும் பொம்பருக்கு ஒரு சத்தம், ஹெலிக்கு ஒரு சத்தம். பார்க்காமலே சொல்லிவிடுவோம். 1987 இல் இந்திய அமைதிப்படை வந்தபோது ஹெலியில் இருந்த அடையாளம் மாறியது. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஓடுவது மாறவில்லை. 1990 இல் அவர்கள் போனார்கள், மறுபடி பழைய அடையாளம் வந்தது, ஓட்டம் அப்படியே இருந்தது. கீழே படுத்துக்கொண்டு மேலே பார்க்கிற பிள்ளைக்கு ஹெலி என்பது ஒரு வயிறும் ஒரு வாலும்தான். அதற்குள் ஆள் இருப்பார், அந்த ஆளுக்கு வியர்க்கும், தண்ணீர் விடாய்க்கும் என்பதெல்லாம் எனக்கு 36 வயதுவரை தோன்றவே இல்லை.

எனக்குக் கிடைத்த கயிறு இந்திய விமானப்படையின் 'சாரங்' குழுவின் ஹெலிகொப்டரைச் சுற்றியது. சாரங் என்றால் மயில். சிவப்பு உடம்பில் மயில் வரைந்த, 'துருவ்' என்ற ஹெலிகள். நான்கு ஒன்றாகப் பறந்து, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிச் சாகசம் காட்டின. அவர்களின் தளம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூர். அந்த வருடம் இந்தியர்கள் 'தேஜஸ்' போர் விமானத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். ஜாம்நகரிலிருந்து மஸ்கட் வழியாகப் பறந்து வந்தது என்று சொன்னார்கள். தேஜஸ் வெளிநாட்டு வானத்தில் தன்னைக் காட்டியது அதுதான் முதல்முறை. அதைப் பார்க்கவே இந்திய, மலையாளி, பாகிஸ்தானிக் குடும்பங்கள் சாரை சாரையாக வந்தன.

சனம் வரமுன் ஒரு வேலை நடக்கும். தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு தளம் முழுக்க நடப்பது. சிறு கல், போத்தல் மூடி, ஆணி, டொபி உறை, எது கிடந்தாலும் பொறுக்குவது. எஞ்சின் உறிஞ்சிவிட்டால் ஒரு சின்ன ஆணியே போதும், முழு எஞ்சினும் நாசம். இந்த நடையில் தோளில் பட்டி வைத்த அதிகாரிகளும் எங்களோடு குனிந்தார்கள். பைக்குள் கடதாசிக் குப்பையோடு ஒரு விமானி என் பக்கத்தில் நடந்ததை நான் ஊரில் சொன்னால் சிலர் நம்புவதில்லை.

பிறகு வாசல் திறக்கும். அந்தத் தளத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பறப்பு அல்ல. அவர்கள் ஆகாயத்தில் இருப்பது கால் மணித்தியாலம்கூட வராது. தரையில் நிற்பது நாள் முழுக்க. நெருப்புப் பிடிக்காத துணியில் தைத்த பறப்பு உடுப்பு, பாலைவனக் காற்று, வாய்க்குள் மணல், கையில் மார்க்கர். ஒரே கேள்வி, நூறு வாயிலிருந்து: எவ்வளவு வேகம், என்ன விலை, பயமில்லையா, நீங்கதான் ஓட்டுறதா. நூறாவது ஆளுக்கும் முதலாவது ஆளுக்குச் சொன்ன முகத்தோடு சொல்லவேண்டும். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது அந்த முகத்தைத்தான். சில விமானங்களுக்கருகில் கறுப்புக் கண்ணாடியோடு நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த குழுவினரையும் கண்டேன். அவர்களின் விமானம் பெரியது. சனம் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தது. பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாரங் குழுவில் திண்டுக்கல் பக்கத்து டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். இரண்டாம் நாள் ஒரு பஹ்ரைன் சிறுவன், பத்து வயது இருக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டான்: மற்ற ஹெலி நேரே போகுது, இது மட்டும் எப்படி மீன் மாதிரித் துள்ளுது? அரபியில் கேட்டான். அவருக்கு விளங்கவில்லை. நான் கதைக்கக் கூடாது. ஒரு நிமிடம் பார்த்தேன், பிறகு சிறுவனின் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டேன்.

"தம்பி, நீங்க தமிழா!" என்றவர், அடுத்த கணமே சிறுவனிடம் குனிந்துவிட்டார். தன் முழங்கையை மடக்கி மடக்கிக் காட்டினார். சாதாரண ஹெலியின் காற்றாடி இறக்கை, நடுத்தண்டோடு சேரும் இடத்தில் இப்படி மடங்கும். கதவுக்குக் கீல் மாதிரி. விமானி கைப்பிடியை அசைத்தால் முதலில் இறக்கை மடங்கும், பிறகுதான் உடம்பு கேட்கும். பிறகு கையை விறைப்பாக நீட்டினார். "இதுக்கு முழங்கை கிடையாது. இறக்கையே இழையும் பசையும் சேர்த்துச் செஞ்சது, தானே வளையும். அதனால அசைச்ச உடனே உடம்பு கேக்கும்." சுருட்டிய போஸ்டர் ஒன்றின் அடியை இறுகப் பிடித்து நுனியை ஆட்டச் சொன்னார். சிறுவன் ஆட்டினான். நுனி வளைய, பிடித்த கை இழுபட்டது. "இப்ப உன் கை ஆடுச்சுல்ல? அதான் துள்ளல்."

நான் அரபியில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'கீல்' என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, எனக்குள்ளே 'பிணைச்சல்' என்று சொல்லிப் பார்த்துத்தான் அரபிச் சொல்லைப் பிடித்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. சிறுவன் போனபின் கேட்டார்:

"அதென்ன சொன்னீங்க? பிணை..."

"பிணைச்சல். நீங்க கீல் எண்டுறதை நாங்க அப்பிடிச் சொல்லுற."

"பிணைச்சல்." இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "பிணைக்கிறது, அதனால பிணைச்சல். எங்க சொல்ல விட நல்லாருக்கே. எந்த ஊரு தம்பி, சிலோனா?"

"ஓம். மட்டக்களப்பு."

கையிலிருந்த போஸ்டரை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நான் சேர்ந்ததே தொண்ணூத்தி மூணுலதான்."

அவ்வளவுதான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு மனிதர் தான் சேவையில் சேர்ந்த வருடத்தைச் சொல்கிறார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆளும் அவர் இல்லை. அமைதிப்படை வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது என்றேன். "ம்" என்றார். அதற்குள் அடுத்த இருபது பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம், சனம் கலைந்தபின், என்னைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னார். இறப்பரும் எண்ணெயும் வெயிலில் காய்ந்த மணம். காலடிக்கு முன்னால் கண்ணாடி. அதன் வழியாகக் கீழே பார்த்தால் தார்த் தளம், என் கயிறு, அடுத்த கயிற்றுக்காரன் போத்தலைத் திருகிக்கொண்டிருந்தான். கையெட்டும் தூரத்தில் நின்றும் அவன் முகம் தெரியவில்லை, தொப்பியும் தோளும்தான் தெரிந்தன. எங்கள் தொழுவத்தின் கூரை இங்கிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்க நினைத்தேன், முடியவில்லை, இறங்கிவிட்டேன். அவர் பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த இறங்கலை மேற்பார்வையாளர் கண்டார். கதைத்ததற்கும் ஏறியதற்குமாக ஒரு நாள் சம்பளத்தில் பாதி வெட்டு. மொழிபெயர்த்ததற்கு ஒரு சதம் கிடையாது. அரபியும் ஹிந்தியும் மலையாளமும் சிங்களமும் தெரிந்த ஆட்களைக் கயிறு பிடிக்க மட்டும் வைத்துவிட்டு, வாயைத் திறந்தால் தண்டம் போட்டார்கள். அது பிழை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2019 இல் ஊர் திரும்பினேன். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70 ஆவது ஆண்டுக்குக் கொழும்புக் காலிமுகத்திடலில் சாகசப் பறப்பு, சாரங் வருகிறது, தேஜஸும் வருகிறது என்று கேள்விப்பட்டு மகனைக் கூட்டிக்கொண்டு இரவுக் கோச்சியில் போனேன். முகக்கவசம் போட்ட காலம். கடலுக்கு மேலே நான்கு மயிலும் வந்தன. "அப்பா, இதுக்கா முழங்கை இல்லாத?" என்று கேட்டான். ஓம் என்றேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும்வரை நின்றோம். இறங்கி வந்து பக்கத்தில் நிற்க, போஸ்டரைச் சுருட்டிக் காட்ட அங்கே யாரும் இல்லை. திரும்பி வரும்போது அவன் சொன்னதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான்.

2025 நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள். தேஜஸ் ஒன்று சாகசத்தின் நடுவே விழுந்து எரிந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். சூலூரிலிருந்து போனவர். போனில் அந்த வீடியோ வந்தபோது நான் தீயைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற சனத்தைப் பார்த்தேன். அந்தச் சனத்துக்கும் புகைக்கும் நடுவே எங்கோ ஒரு கயிற்றுக்காரன் நின்றிருப்பான். ஒரு மணித்தியாலத்துக்கு முன் அதே குழுவிடம் கையெழுத்து வாங்கிய பிள்ளை அவனிடம் என்ன கேட்டிருக்கும், அவன் எந்த மொழியில் என்ன சொல்லியிருப்பான்? அன்று கண்காட்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அமெரிக்க எஃப்-16 காட்சிக் குழு தங்கள் பறப்பைக் கைவிட்டது என்று பிறகு வாசித்தேன். அந்தக் குழுவின் கயிற்றடியில் நின்றவர்களை நினைத்து எனக்கு ஒள்ளுப்பம் ஆறுதலாக இருந்தது.

பஹ்ரைனில் அந்த டெக்னீஷியன் தந்த போஸ்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மயிலின் வாலுக்குக் கீழே தமிழில் எழுதித் தந்தார்: 'பிணைச்சல் தந்த மட்டக்களப்புத் தம்பிக்கு.' அம்மா அதைச் சுவரில் ஒட்ட விடவில்லை. "ஹெலிப் படம் என்ட வீட்டுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டா. நானும் வற்புறுத்தவில்லை. அலுமாரிக்கு மேலே சுருட்டியபடி கிடக்கிறது.

அன்றிரவு டிவியில் துபாய்ச் செய்தி போனது. அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"இது உனக்குப் படம் தந்தவங்கட கூட்டமா மனே?"

"அந்தக் கூட்டம் இல்லம்மா. அவங்கட ஊருதான். பக்கத்துல நிண்ட பிளேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா கேட்டா:

"அந்தப் பொடியனுக்குப் புள்ள குட்டி இருக்காமா?"

"ஒரு பொம்பிளப் புள்ள."

அம்மா டிவியை நிப்பாட்டச் சொன்னா.