சுகவனிதையர் கிளினிக்: எங்களைத் திருப்பி அனுப்பிய கவுண்டர்

எனக்கு 35, என் மச்சாளுக்கு 45. கர்ப்பப்பை கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அரசாங்கமே கேட்கும் வயதுகள் இவை. தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு சதமும் இல்லை. அதனால்தான் மச்சாளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு அவர் தனக்கென்று ஒரு டொக்டரிடமும் போனதில்லை.

கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் மட்டக்களப்பு விலாசம். "இங்க ஏலாது, ஊருக்குப் போய் எடுங்க" என்றார். கொழும்பில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறோம் என்றால், ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் வேண்டுமாம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு ஊசி போடத் தகப்பன்மாரும் வந்து நிற்கிற இடத்தில், பேனையால் மேசையில் தட்டிக்கொண்டு, "என்ன வருத்தம்? வெள்ளை படுதா?" என்று மச்சாளிடம் உரக்கக் கேட்டார். மச்சாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வா, போவம். எனக்கு ஒண்டுமில்ல" என்றார். வீடு வரும்வரை பேசவேயில்லை. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

வருத்தம் இருந்தால் மட்டும் வருகிற இடமில்லை இது. இந்தப் புற்றுநோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கலங்களில் மாற்றம் தொடங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்போதே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. ஒன்றும் இல்லாதபோதே வர வேண்டிய பெண்ணிடம் "என்ன வருத்தம்" என்று கேட்டால் அவள் திரும்பித்தான் போவாள்.

ஜீ.எஸ். கடிதத்துக்கு அலைந்ததும் வீண்தான். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை என்றார் அவர். பெயரைப் பதிய வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை. வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

கடைசியில் கைகொடுத்தது என் மகனின் ஊசிக் கார்டு. கிளினிக் நடக்கும் அதே அலுவலகம், அதே வாடகை வீட்டு விலாசம், பக்கத்துக்குப் பக்கம் அவர்களுடைய முத்திரை. அதைக் கொண்டுபோய் கவுண்டரில் நிற்காமல் நேரே எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸைத் தேடிப் போனேன். "பிள்ளைக்கு ஊசி போட ஏற்ற விலாசம் தாய்க்கு ஏற்காதா மிஸ்?" என்று கேட்டேன். அவர் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கிற இடம்தான் கணக்கு, ஊர் இல்ல" என்று இரண்டு பெயரையும் தானே எழுதிக்கொண்டார். மச்சாளிடம் போனில் அவரே பேசினார். உள்ளே பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள், திரை போட்டிருக்கும் என்று சொன்ன பிறகுதான் மச்சாள் சம்மதித்தார்.

முதலில் தந்த நாளில் டொக்டர் டெங்கு வேலைக்குப் போய்விட்டார். காலையில் மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மாதவிடாய் நாட்களில் எடுக்க மாட்டார்கள். முந்தைய இரண்டு நாளும் உள்ளே வைக்கும் மருந்து, கிறீம் எதுவும் வேண்டாம்.

பரிசோதனை சில நிமிடம்தான். பிறஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்த்தார்கள். மார்பகத்தை வீட்டில் தானே எப்படித் தடவிப் பார்ப்பது என்று டொக்டர் மச்சாளின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். வெளியே வந்த மச்சாள், "இவ்வளவுதானா?" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

மச்சாளின் மகளுக்குத் தரம் 6இல் பாடசாலையிலேயே, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டார்கள். 2017இலிருந்து எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். இது எதற்கு என்று பிள்ளை கேட்டபோது மச்சாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பிலும் சொல்லவில்லையாம், இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில வாசிங்க" என்று ரீச்சர் தாண்டிவிட்டார். ஊசிக்குக் காசு ஒதுக்கத் தெரிந்த நாட்டில் அந்த ஒரு பாடத்தை வாய்திறந்து படிப்பிக்க ஆளில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. கிளினிக்கில் இருந்து வந்த அன்றிரவு மச்சாளே மகளைப் பக்கத்தில் இருத்தி, அந்த வைரஸ் எப்படித் தொற்றும், ஊசி எதைத் தடுக்கும் என்று சொன்னார்.

ரிப்போர்ட்டை மறக்காதீர்கள். வாரக்கணக்கில் எடுக்கும். "பிரச்சினை என்றால் அறிவிப்போம்" என்பார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம், போய்க் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் கலங்கள் போதாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று இருந்தது. புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மாதிரி சரியாக வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மச்சாளுடையதும் சுகம்.

பொருள் வாங்கும்போது 18 வீதம் வற் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் கிளினிக் இது, யாரும் நமக்குத் தர்மம் போடவில்லை. கவுண்டரில் நடந்ததைத் தமிழிலேயே எழுதி, சுகாதார வைத்திய அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மச்சாளும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.