டாஸுக்கு முன்னால் பிரஷர்

காசிமேட்டில் காலை பத்து மணிக்கு மருத்துவ முகாம் போட்டால் பெண்கள்தான் வருவார்கள். ஆண்களில் பலர் கடலில் இருப்பார்கள், கரையில் இருப்பவர்கள் ஏலம் முடித்துத் தூங்கப் போயிருப்பார்கள். விழித்திருப்பவரைக் கூப்பிட்டாலோ, "எனக்கின்னா சிஸ்டர், கல்லு மாதிரி கீறேன்" என்று நகர்ந்துவிடுவார்.

அதனால் ஐபிஎல் சமயத்தில், தெருவில் திரை கட்டி மேட்ச் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டோம். ஏழரைக்கு ஆட்டம் என்றால் டாஸுக்கு முன்பே பிரஷர் பார்த்துவிட வேண்டும். கடைசி ஓவரில் சென்னைக்குப் பன்னிரண்டு ரன் தேவைப்படும்போது கையில் பட்டையைச் சுற்றினால் யாருக்குத்தான் ஏறாது? பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது. பீடிதான் பெரிய பாடு.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேச்சுக் கொடுப்போம். உடற்கட்டு காட்டும் வீரர் படம் போட்ட போஸ்டரோடு செல்ஃபி எடுத்ததோடு சரி. நோயில் விழுந்து எழுந்த வீரர் என்றால்தான் காது கொடுக்கிறார்கள். பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரம் சர்க்கரை நோய் வந்தபிறகும் இன்சுலின் போட்டுக்கொண்டு 2003 உலகக் கோப்பை வரை பந்து வீசினார் என்றால், ஊசிக்குப் பயந்தவரும் நிமிர்ந்து உட்காருவார்.

யுவராஜ் கதை இன்னும் நெருக்கம். 2011 மார்ச்சில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 113 அடித்தாரே, அன்று ஆட்டத்தின் நடுவே வாந்தி எடுத்தார். மறு வருடம்தான் புற்றுநோய் என்று ஊருக்குத் தெரிந்தது. சிகிச்சை முடிந்து 2012 செப்டம்பரில் மறுபடி இந்தியாவுக்கு ஆட இறங்கியதும் அதே சேப்பாக்கத்தில்.

"அவருக்கு இருமல் இருந்துச்சா சிஸ்டர்?" என்றார், போட்டுக்குப் போகிற அண்ணன் ஒருவர்.

"இருந்துச்சுண்ணா."

"எனக்கும் ரொம்ப நாளா கீது. வூட்ல சொல்லல."

சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். காசநோய். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

இடுப்புக்குக் கீழே உள்ள பேச்சு மட்டும் என்னிடம் வராது. அதற்கு வியாசர்பாடி கால்பந்துப் பையன்களிடம், கூட வேலை செய்யும் தம்பியை அனுப்பினோம். 2022இல் விரைப் புற்றுநோய் வந்து, 2024இல் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் வெற்றி கோல் போட்ட ஐவரி கோஸ்ட் வீரர் செபாஸ்டியன் ஹாலரைப் பற்றிச் சொன்னானாம். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒருவன், கட்டி இருந்து வலியே இல்லையென்றாலும் டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். வலிக்காத கட்டி என்றால் கட்டாயம் போகணும் என்று சொல்லியிருக்கிறான் தம்பி.