விடிய நாலு மணி

மகளுக்கு மூன்று வயது. அவள் எழும்புமுன், விடிய நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைதான் எனக்கு எழுத நேரம். குசினி மேசை, கொப்பி, தேத்தண்ணி.

நேற்று ஒரு பந்தி நன்றாக வந்துகொண்டிருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவைப் பற்றியது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போன இரவு. எங்கள் முற்றத்தில் வந்து விழுந்த கருகிய தாள்களைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்லுவா. அந்த இடத்தை எழுதும்போது பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். மடியில் தூக்கி வைத்தேன். பேனையைப் பறித்துப் பக்கம் முழுக்கச் சுழித்தாள்.

கோபம் வந்தது, உண்மைதான். பிறகு "அம்மா, நானும் கதை எழுதிட்டன்" என்றாள். சரி, அந்தப் பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

இன்று பின்னேரம் அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மிச்சப் பந்தி நாளைக்கு விடிய.