அக்டோபர் வாரத்தில் கொல்லைப்புற வானிலைப் பதிவு: ஆக்ஸ்ஃபோர்ட், மிசிசிப்பி

வடக்கு மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்ட் போன்ற சிற்றூரில் வீட்டுக் கொல்லையில் வானிலைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு, புயலும் பெருமழையும் இல்லாத இதமான அக்டோபர் வாரம்தான் நல்ல சோதனைக் காலம். காற்று பலமாக வீசும் நாளில் கருவி வைத்த இடத்தின் குறை மறைந்துவிடும். காற்று அடங்கி வானம் தெளிந்தால் அது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இந்த வாரம் குளிர் முகப்பு (குளிர்ந்த காற்று முன்னேறி வரும் எல்லை) ஒன்று கடந்ததோடு தொடங்கியது. தெற்கத்திக் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. இறங்கிக்கொண்டே வந்த காற்றழுத்தம் அந்த நேரத்தில் ஏறத் தொடங்கியது. மறுநாள் மதியம் வெயில் அடித்ததால் வெப்பநிலையில் பெரிய மாற்றம் இல்லை. சரசரவென இறங்கியது பனிப்புள்ளிதான், அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பநிலையை மட்டும் குறித்து வைப்பவர்கள் இந்த மாற்றத்தைத் தவறவிடுவார்கள்.

இரவின் குறைந்த வெப்பநிலையைக் கணிக்கவும் பனிப்புள்ளியே துணை. மாலையில் அது 8 டிகிரி செல்சியஸ், மேகமும் காற்றும் இல்லை, வேறு காற்று உள்ளே வரவில்லை என்றால், விடிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே நிற்கும். அந்த அளவைத் தொட்டதும் நீராவி பனித்துளியாகி, தன்னுள் இருந்த வெப்பத்தை விடுகிறது, குளிர்வது மெதுவாகிறது. சார்டிஸ் ஏரிப் பக்கமும் தாழ்வான வயல்களிலும் மூடுபனி படிவது அதற்குப் பிறகுதான்.

வெப்பமானிக் கூடு வெள்ளை நிறத்தில், காற்றுப் புகும் அடுக்குத் தட்டுகளோடு, புல்தரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். செங்கல் சுவரை ஒட்டி மாட்டினால், பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். குறைந்த அளவு கூடுதலாகவே பதிவாகும். தெளிந்த இரவுகளில் மட்டும் அக்கம்பக்கத்துக் கருவிகளைவிட அதிகமாகக் காட்டினால், முதலில் சுவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேட்டில் உள்ள வீட்டையும் பள்ளத்தில் உள்ள வீட்டையும் ஒப்பிடக் கூடாது. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், அங்கே அளவு உண்மையிலேயே குறைவு.

ஈரப்பதமானியைச் சரிபார்க்கச் சமையல் உப்பு போதும். சிறு மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் சோதனை செல்லாது. எத்தனை சதவீதம் விலகுகிறதோ அதைக் குறித்துவைத்து, 75 சதவீதத்துக்கு அருகில் வரும் பதிவுகளில் கழிக்கலாம், கூட்டலாம்.

அக்டோபரில் மழை குறைவு. மழைமானியின் எதிரி உதிரும் இலைகள். ஒரே ஓக் இலை புனலை அடைத்துவிடும். கோகோராஸ் (மழை, ஆலங்கட்டி, பனி அளக்கும் தன்னார்வலர் வலையமைப்பு) தன்னார்வலர்கள் வைக்கும் நான்கு அங்குல மானியில் உள்குழாய் மழையைப் பத்து மடங்கு உயர்த்திக் காட்டுவதால் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கும் படிக்கலாம். காலை ஏழு மணிக்கு எடுக்கும் அளவில் அதிகபட்ச வெப்பநிலை முந்தைய நாளுக்கு உரியது. தேதி மாறினால் நாள்வாரிப் பதிவே தவறாகும்.

கூட்டில் 2 டிகிரி காட்டும் இரவிலும் புல்லின் மேல் உறைபனி படியலாம், தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வரும் முன் மழைமானியின் புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். உள்ளே உறையும் நீர் குழாயைப் பிளந்துவிடும்.