வத்தக்குழம்பு பதத்தில் ஒரு சிறுகதை

நான்கு பேருக்கான வத்தக்குழம்புக்கு எலுமிச்சை அளவு புளியை மூன்று கப் தண்ணீரில் கரைத்தால், கடைசியில் பாதிதான் மிஞ்ச வேண்டும். கதையின் முதல் வரைவும் அப்படித்தான். 3,000 சொல் எழுதியதில் 1,500 தேறினால் நல்ல கணக்கு.

அவசரப்பட்டு இறக்கினால் புளியின் பச்சை வாசனை நிற்கும். கதையில் அந்த வாசனை "அவன் மிகவும் வருத்தப்பட்டான்" போன்ற வரிகளில் வரும். இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுங்கள்: "தட்டில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவன் கை கழுவப் போய்விட்டான்." வருத்தம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை, பாருங்கள்.

தாளிப்பில் கடுகு வெடித்த பிறகுதான் வெந்தயம். முந்தினால் கருகி, குழம்பு முழுக்கக் கசக்கும். நாயகனின் ஊர், வயது, கடன், பழைய காதல் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே கொட்டுவதும் இதே தவறுதான்.

உப்பில் இன்னும் கவனம் தேவை. சுண்டைக்காய் வத்தலிலேயே உப்பு உண்டு, சுண்டச் சுண்டக் கரிப்பு ஏறும். அடைமொழிகளும் அப்படியே. நீண்ட வரைவில் உறுத்தாத "மெல்லிய", "இனிய" எல்லாம் வெட்டிச் சுருக்கியதும் பல்லில் கடிபடும்.

நீர்த்த குழம்பில் அரிசி மாவு கரைத்து ஊற்றுவார்கள். கெட்டியாகும், ருசி மட்டும் மந்தமாகிவிடும். கதை முடிவில் விளக்கப் பத்தி சேர்ப்பது அந்த மாவுதான் (எனக்கு இரண்டுமே ஆகாது).

நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதந்தால் இறக்கலாம். குழம்புக்கு ஓர் இரவு ஊறல் போதும். கதையை இரண்டு வாரமாவது மூடி வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.