11 அடி அகலத்தில் எங்கள் வீடு

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது பாட்டியின் வீடு. அகலம் 11 அடி, நீளம் 42 அடி. 1931-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்திலேயே ‘பழைய மெத்தை வீடு’ என்றுதான் எழுதியிருக்கிறது.

பாட்டி போனபிறகு அண்ணனும் சித்தப்பாவும் சொன்னது ஒன்றுதான்: இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பு. எனக்கு மனசு வரவில்லை. அதோடு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். எங்கள் வீட்டை இடித்தால் பக்கத்து வீட்டு விட்டம் எதன்மேல் உட்காரும்? என் பங்குக்கு மேல் பணம் கொடுத்து வீட்டை வாங்கிக்கொண்டேன். 2022 பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது.

முதல் தலைவலி ஓதம், தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம். 1998-இல் அப்பா கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார். ஓதம் நிற்கவில்லை, நாலடிக்கு மேலே ஏறி என் தோள் உயரத்தில் காரையை உதிர்த்தது. பார்க்க வந்த இரண்டு காண்டிராக்டர்களும் இன்னும் உயரமாகச் சிமெண்ட் பூசலாம் என்றார்கள். மூன்றாவதாக வந்தவர் விருதுநகர்ப் பக்கத்துக் கொத்தனார். 2012-இல் தீப்பிடித்த சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்திலேயே மீட்டெடுத்ததே, அந்த வேலையில் இருந்தவர். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். “சிமெண்ட்டு பூசுனா சுவருக்கு மூச்சு முட்டும்மா. தண்ணி எங்கிட்டாவது வெளிய போகணும்ல, அதான் மேல ஏறுது.”

சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் சுவரை வெறும் செங்கல்லாகக் காயவிட்டோம். உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ள வேண்டும். ஞாயிறுதோறும் நானே தேய்த்தேன். ஒவ்வொரு வாரமும் முறத்தில் விழும் உப்பு குறைந்துகொண்டே வந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு, மெல்லிசாக மூன்று கை. சிமெண்ட் மாதிரி மறுநாளே இறுகாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாகும். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே அவர் நாள் கணக்கில் காத்திருக்க வைத்தார்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேலே மெல்லிய சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டாக அடுக்கிச் சாந்திட்டுக் கட்டிய தளம். இரண்டு கட்டைகளின் முனை சுவருக்குள்ளேயே செத்திருந்தது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து அந்த ஐந்தடியை மட்டும் பிரித்தோம். ஏதோ ஒரு வீட்டை இடித்தபோது வந்த பர்மா தேக்கு இங்கே வந்து உட்கார்ந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாலு பெண்கள் மரக்கட்டையால் தளம் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டுச் சந்துக் கிழவிகள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்கள். மேலே தட்டோடு பதித்தாயிற்று.

புதுசாக வைத்த எதையும் பழைய சுவர் சுமக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். வயருக்காகச் சுவரை வெட்டவில்லை, குழாய் வெளியிலேயே ஓடுகிறது. பின்கட்டில் குளியலறை தனிப் பெட்டி மாதிரி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. சமையல் மேடைக் கடப்பைக் கல் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூடத்தின் உயரம் 13 அடி. பாட்டி ஊறுகாய் ஜாடி ஏற்றிவைத்த பரண் இருந்த மூலையில், நாலு இரும்புக் கால்களில் என் படுக்கைப் பரண். கீழே மேசை, அலுவலக வேலை.

முற்றத்துக்குப் பிளாஸ்டிக் கூரை போடச் சொன்னார்கள். கம்பி மட்டும் போட்டேன். சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதில் விழும் மழை கொல்லைக் கிணற்றுக்குப் போகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தளத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சுவர் கீழே கருத்தது, பொங்கலுக்குள் தானாகவே காய்ந்து வெளுத்தது. ஆனால் மேற்குச் சுவரில் ஒரு திட்டு மட்டும் காயவே இல்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் சிமெண்ட் இருக்கும் என்றார். பக்கத்து வீட்டு மாமா தன் வீட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார், இடுப்பு உயரத்துக்கு இருந்தது. “எங்க பக்கத்தையும் எடுத்துடச் சொல்லும்மா” என்றார். பங்குனி பிறந்ததும் கொத்துகிறோம்.