தகடூருக்கு எத்தனை எழுத்து?

தருமபுரி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஆண்டு தமிழ், வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல் மொழி வகுப்பு எடுக்க அனுமதி கேட்டேன். கடிதம் கொடுத்த நாளுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே நான்கு மாதம் ஓடிவிட்டது.

"பி.ஏ. தமிழுக்கு இது எதற்கு?" போன மேசையெல்லாம் இதே கேள்விதான். முதல் கடிதத்தில் வேலைவாய்ப்பு, எதிர்காலம் என்று அடுக்கியிருந்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது கடிதத்தில், 30 மணி நேரத்துக்குக் குறையாத கூடுதல் சான்றிதழ் வகுப்புகள் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் கணக்கில் வரும் என்று ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்து விழுந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இனிமேல் கேட்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வரி உதவும்.

எங்களுக்கு ஒதுக்கிய பழைய ஆய்வகத்தில் 22 கணினிகள். எல்லாவற்றிலும் விண்டோஸ் 7. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. எங்கள் மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, செத்த கணினியின் ரேமைக் கழற்றி உயிருள்ளதில் மாட்டி, பழைய கணினியிலும் ஓடும் லுபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, 15 கணினிகளை எழுப்பினார்கள். பிறகும் சிலவற்றில் இணையப் பக்கம் திறக்கவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தது. தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, பக்கமும் திறக்காது. மொத்தச் செலவே அந்த பேட்டரிகளும் நான்கு மவுஸும்தான்.

மாலையில் வகுப்பு வைக்க முடியாது. பென்னாகரம், அரூர் பஸ்ஸை விட்டால் பிள்ளைகள் வீடு சேர இருட்டிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கடன் வாங்கினேன்.

முதல் வாரம் நான் செய்தது தவறு. என் துறைப் பிள்ளைகளுக்கு எடுப்பதைப் போலவே பகா எண், வட்டி என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பாதி நாற்காலி காலி. கணினிக்காரர்களுக்கு உலகத்தில் பகா எண்ணை விட்டால் வேறு கணக்கே கிடையாது போலிருக்கிறது. நான்காம் நாள் தருமபுரியின் பழைய பெயரான 'தகடூர்' என்பதைத் தட்டச்சு செய்யச் சொல்லி, பைத்தானின் லென் கட்டளையால் எழுத்தை எண்ணச் சொன்னேன். 6 என்று வந்தது.

"நான்கு எழுத்துதானே மேடம்?"

ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொன்னேன். த, க, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி. முன்வரிசையில் இருந்த தமிழ் மாணவி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது தலைகீழாக இருக்கிறதே" என்றாள். இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் க தான் அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால்தான் க். இத்தனை ஆண்டு சொல்லிக்கொடுக்கிறேன், இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்குத் தமிழ் படித்தவள்தான் வர வேண்டியிருந்தது.

அன்று நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை. 11 உயிர்க்குறிகளும் புள்ளியுமாக 12 குறிகளைப் பட்டியலாக்கி, அவற்றைத் தவிர்த்து எண்ணும் நிரலை அவர்களே எழுதினார்கள். தகடூர் 4. முதலில் 11 காட்டிய கிருஷ்ணகிரி இப்போது 6. பிறகு, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரையிலிருந்து திருக்குறளை இறக்கி, சொல் எண்ணத் தொடங்கினோம். வரலாற்றுப் பையன்கள் தங்கள் ஊர்க் கல்வெட்டு வரிகளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். வீட்டில் பார்க்க, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ் வீடியோக்களைக் கொடுத்தேன். ஏறத்தாழ பத்து நிமிடத் துண்டுகள், கைப்பேசியிலேயே ஓடும்.

கடைசி வாரம் ஒருத்தி தன் அம்மா பெயரை எண்ணினாள். ரேஷன் கார்டில் இருக்கிறபடி லக்ஷ்மி. நிரல் 4 என்றது.

"க்ஷ் ஒரே எழுத்து மேடம். கணினிக்குத்தான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே அதற்கு ஒரு வரி சேர்க்க உட்கார்ந்துவிட்டாள்.